அசோகமரத்தின் அடிவயிறு

டாக்டர் சொன்ன எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயர் அம்சவேணியின் வாயில் நுழையவே இல்லை. வலி மட்டும் மாதம் தவறாமல் வந்தது. நாட்டு மருந்துக்காரர் சொன்னபடி, வலி தொடங்குவதற்கு முந்தைய நாள் பூங்காவுக்குப் போவாள். யாரும் பார்க்காதபடி அசோகமரத்தை ஒட்டி நின்று, முந்தானை மறைவில் ஒரு துண்டு பட்டையை உரித்து வந்து பாலில் காய்ச்சிக் குடிப்பாள். ஒரு வருடத்தில் மரத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. சரியாக அவளுடைய அடிவயிற்றின் உயரம். ஒருநாள் அதைத் தொட்டபோது விரலில் ஈரம் ஒட்டியது. மனசு கேட்கவில்லை. தன் வயிற்றில் கட்டியிருந்த விளக்கெண்ணெய்த் துணியை அவிழ்த்து, சூடு ஆறுவதற்குள் மரத்துக்குக் கட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த மாதம் அந்தத் துணியில் மஞ்சள் பூசியிருந்தார்கள். கிளையெங்கும் வளையல்கள் தொங்கின. மரத்தின் முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆரஞ்சுப் பூக்கள் சத்தமில்லாமல் அவர்கள் தலைமேல் உதிர்ந்துகொண்டே இருந்தன. எல்லோருடைய இடது கையும் அடிவயிற்றில் இருந்தது.

இந்த முறை வலி முந்திக்கொண்டது. அம்சவேணி வரிசையைத் தாண்டிப் போய்ப் பட்டைக்குக் கை நீட்டினாள். விரல் பட்ட துணி இன்னும் சூடாக இருந்தது.

"சாமிய உரிக்காதக்கா," என்றாள் முதலில் நின்ற பெண்.

"வலி உயிர் போகுதும்மா."

"தெரியுது. அதுக்கும் அங்கதான் வலிக்குது."