துணியைப் பிடித்திருந்தவள்

அது கறுப்புத் துணியா, கருநீலமா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. பள்ளி மாடியில் அறிவியல் வாத்தியார் சூசைராஜ் வெறும் கம்பிச் சட்டமாகக் கட்டியிருந்த தொலைநோக்கிக்குள் தெருவிளக்கின் வெளிச்சம் புகாதிருக்க, கணக்கு டீச்சர் பூங்கோதை அந்த உறையைத் தைத்து வந்திருந்தாள். சனிக் கிரகத்தை முதலில் தான்தான் பார்ப்பேன் என்பது அவள் நிபந்தனை. சட்டத்தைச் சாய்த்ததும் துணி உள்ளே தொய்ந்து பார்வையை மறைத்தது. அவள் இரு கைகளாலும் அதை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியுதா சார்?”

“தெரியுது டீச்சர். நீங்க பாக்கலையா?”

“நான் கைய விட்டா உங்களப் பிடிச்ச சனி போயிடுமே.”

துணியை உள்ளிருந்து விரித்து நிறுத்தும் கம்பி வளையம் அவன் பையிலேயே இருந்தது. அதை மாட்டினால் அவள் விலகி நிற்பாள். சனி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கும்வரை அவன் பையைத் திறக்கவில்லை.

அந்த மே மாதமே பூங்கோதை கல்யாணமாகிப் பிலாய்க்குப் போனாள். சூசைராஜ் அதே பள்ளியில் ஓய்வு பெற்றான். வளையம் இப்போது துணிக்குள் இருக்கிறது.