நடுக்கடலில் ஒரு நேரலை

"ஒருத்தனாவது வந்தானா பாரு. மூணு வேளையும் இவனுங்களுக்கு வடிச்சுக் கொட்டறேன். என் பொண்ணோட நீச்சல் போட்டியைப் பார்க்க வாங்கடான்னா, அவனவன் போனைத் தூக்கிட்டு மேல ஓடிட்டான்."

சரக்குக் கப்பலின் சமையல்காரர் பொருமினார். சாப்பாட்டு அறையில் அவரும் எலக்ட்ரீஷியனும் மட்டும்தான்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தானே வீட்டோட பேச விடறாங்க, அண்ணே."

"வாரா வாரம் பேசறதுதானே?"

லேப்டாப்பில் நேரலை ஓடியது. நீச்சல் குளம் கட்டம் கட்டமாக, வெறும் நீலமாகத் தெரிந்தது.

"இதுல என் பொண்ணு எதுப்பா?"

"கப்பல் முழுக்க ஒரே நெட் லைன், அண்ணே. எல்லாரும் பேசும்போது நமக்குச் சொட்டு சொட்டாத்தான் வரும். படம் நின்னுடக் கூடாதுன்னு அதுவே தெளிவைக் குறைச்சுக்குது. லைன் காலியானா அதுவே ஏத்திக்கும்."

"எப்பக் காலியாகறது? அவ நீந்த ஆரம்பிச்சதிலிருந்து ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லைப்பா."

எலக்ட்ரீஷியன் எழுந்தான்.

"இதோ வந்துடறேன்" என்று வெளியே போனான். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

விசில் ஊதியது. ஏதோ சில புள்ளிகள் நீலத்துக்குள் குதித்தன.

சட்டென்று படம் தெளிந்தது.

மஞ்சள் தொப்பி. தண்ணீரை வாரித் தள்ளும் மெல்லிய கைகள். மூச்சு வாங்க அவள் முகம் திருப்பியபோது, மூக்கு நுனியில் நின்ற துளிகூடத் தெரிந்தது.

சமையல்காரர் எழுந்து நின்றுவிட்டார். எத்தனையோ கடல் தாண்டி இருப்பவள், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தாள்.

அவள் மூன்றாவதாக வந்ததைக்கூட எலக்ட்ரீஷியன்தான் சொன்னான்.

"என்னமா வேலை செய்யுதுப்பா இது." திரையை மெதுவாகத் தடவினார். "இந்த மெஷினுக்கு இருக்கற மனசு, இங்க ஒரு மனுஷனுக்கு இல்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தார்.

எல்லாரும் கைப்பிடிக் கம்பியோரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காதிலும் போன் இல்லை. அணைத்த போன்கள் அத்தனையும் நடுவில் ஒரு வாளிக்குள் கிடந்தன.

"ஏன்டா, யாரும் பேசலையா?"

போன மாதம்தான் அப்பாவாகியிருந்த என்ஜின் ரூம்காரன் எழுந்தான்.

"பாதியில வச்சுட்டோம், அண்ணே. உள்ள வந்தா 'போய்ப் பேசுங்கடா'ன்னு துரத்துவீங்கன்னு இங்கேயே உட்கார்ந்துட்டோம். உங்க பாப்பா முகம் தெளிவாத் தெரிஞ்சுதா?"