விரிசலை மறைத்த ரப்பர் குழாய்

பழைய பிக்கப் வண்டி அது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டால் உடம்பெல்லாம் உதறும். காரணம் இன்ஜினில் மாட்டியிருந்த ரப்பர் குழாய்க்குத் தெரியும். அதன் அடிப்பக்கத்தில் விரிசல் விட்டு, வேண்டாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. தெரிந்தால் கழற்றி எறிந்துவிடுவார்களே என்று அது வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மெக்கானிக் தாவூத் குனிந்து காதுகொடுத்துக் கேட்டார். குழாய் மூச்சை அடக்கிக்கொண்டது.

"ப்ளக்தான் போயிருக்கு," என்றார் தாவூத்.

பக்கத்திலிருந்த ப்ளக் பதறிப்போனது. "அண்ணே, நான் ஒழுங்காத்தானே பொறி விடறேன்! உங்க விரிசல்ல காத்து சீறுறது எனக்குத் தெரியும். அவர் காதுல விழற மாதிரி ஒரே ஒரு தரம் சீறுங்களேன்!"

குழாய் விரிசலை இன்னும் இறுக்கிக்கொண்டது. தாவூத் ப்ளக்கைக் கழற்றிக் குப்பை டின்னில் போட்டார்.

புது ப்ளக் வந்தது. இன்ஜினைக் கிளப்பியதும் வண்டி முன்போலவே உதறியது.

"அண்ணே, இது என்னாலயா?" என்று புது ப்ளக் பயந்துபோய்க் கேட்டது.

தாவூத் மறுபடியும் குனிவது குழாய்க்குத் தெரிந்தது.

"உன்னாலதான் தம்பி இருக்கும்," என்றது குழாய்.