அறுபத்து நாலு டிகிரி

குஞ்சு பொரிப்பகத்தில் அப்போது இருந்தவர்கள் மூன்றே பேர்: சொந்தக்காரரான பெரியவர், அவருடைய சின்ன மகன், மூத்த மருமகள். மூவருக்கும் கண் கம்ப்யூட்டர் திரையில்தான். அதில் 64 என்று இருந்தது.

"என்ன அண்ணி இது? நாப்பதுக்கே கருவெல்லாம் செத்துடுமே!" சின்னவன் கத்தினான்.

முட்டைகளின் சூட்டைக் கவனிக்கக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று மல்லுக்கு நின்றவள் மருமகள்தான். பொருத்திக் கொடுத்தவன் அவளுடைய தம்பி. அடைகாக்கும் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் முட்டைகள். சொன்ன நாளில் குஞ்சு கொடுக்கத் தவறியதில்லை என்பதுதான் அந்தக் குடும்பத்தின் பேர்.

பெட்டிக் கதவைத் திறந்து கையை விட்டாள். வழக்கமான இளஞ்சூடுதான் தெரிந்தது. பயத்தில் கை மரத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். பஸ் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"அறுபத்து நாலா? எதையும் தொடாதீங்கக்கா, நான் வந்துட்டே..." இணைப்பு அறுந்தது.

"தொடாம இருக்கணுமா?" பெரியவர் சீறினார். "அப்ப வரும்போது உப்பும் மிளகும் வாங்கிட்டு வரச் சொல்லு. டேய், ஹீட்டரை அணைடா! கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திற. சாக்கை நனைச்சு முட்டை மேல போடு!"

வெளியே பல்லைக் கிட்டவைக்கும் குளிர். காற்று சுழன்று உள்ளே வந்தது. மூவரும் ஈரச்சாக்கோடு ஓடினார்கள். திரையில் எண் அசையவே இல்லை.

அந்தக் குளிரிலும் திரைக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு வியர்த்துக் கொட்டியது. சின்னவன் மேசை விசிறியை அவர் பக்கம் திருப்பினான். 64 என்பது 61 ஆயிற்று. பிறகு 57.

"இறங்குது மாமா!"

"விடாதே! இன்னும் தண்ணி ஊத்து!"

தம்பி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. திரையைப் பார்த்தான்; சொட்டிக்கொண்டிருந்த சாக்குகளைப் பார்த்தான்.

"அக்கா, தூசி தட்டும்போது கை பட்டுத் திரையில வேற பக்கம் வந்திருக்கு. இது முட்டையோட சூடு இல்லை. இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற சிப்செட்டுங்கிற சில்லோட சூடு. எண்பது வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகாது."

ஒரு பொத்தானை அழுத்தினான். முட்டைகளின் சூட்டைக் காட்டும் பக்கம் வந்தது. 14.

பெரியவர் ஒரு முட்டையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். துடிப்பு இல்லை. இன்னொன்று, அதிலும் இல்லை. மருமகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடுத்து அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று அவர் முகத்தையே பார்த்தாள்.

அதற்குள் பக்கத்துப் பட்டறைக்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார். "என்னங்க, மருமக பேச்சைக் கேட்டு வாங்கின கம்ப்யூட்டர் முட்டையை எல்லாம் வேகவெச்சிருச்சாமே? தெரு முழுக்க இதே பேச்சு. அந்தச் சனியனைத் தூக்கிப் போடுங்க."

பெரியவர் ஒரு தலையசைப்பில் தப்பித்திருக்கலாம். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மருமகளை மறைத்தபடி நிமிர்ந்து நின்றார்.

"ஒண்ணும் வேகலை. நான்தான் குளிரவெச்சுக் கொன்னேன்."