சர்க்கரை போடாத டீ

நெடுங்காட்டில் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை நவநீதனைப் பற்றி விசாரித்துவிட்டு, தெட்சிணாமூர்த்தி காரைக்காலில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பினார்.

“வெளியில இனிப்பு எதுவும் சாப்பிடலியே? டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?” என்றாள் மனைவி சந்திரலேகா.

“சக்கரை போடாத டீதான் குடிச்சேன். இந்த இடம் வேணாம் லேகா. பையன் பட்டாளத்துல வேவு பாக்குற பிரிவாம். சண்டைக்கு முன்னாடியே போயி, பதுங்கிப் பாத்துட்டு, ஒரு குண்டுகூட சுடாம திரும்பிடுவானாம். நாலு பேரு சிரிப்பாங்க.”

அவள் காபி போட உள்ளே போனாள். மகள் நித்யஸ்ரீ பொறுமையாக விளக்கினாள்.

“சுட்டா, இவங்க இருக்குற இடம் எதிரிக்குத் தெரிஞ்சுடும்ப்பா. பாத்தத உயிரோட வந்து சொன்னாத்தான் பின்னாடி வர்ற படை பொழைக்கும். சரி, நீங்க எப்புடி விசாரிச்சீங்க?”

“நெல்லு வியாபாரின்னு சொல்லி டீக்கடையில உக்காந்தேன். ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல. லீவுல வந்துருக்கான்னாங்க, ஆனா பையன் கண்ணுலயே படல.”

“அதுதான்ப்பா அவரு வேலை” என்று நித்யஸ்ரீ தன் கைபேசியை நீட்டினாள்.

நவநீதன் அவளுக்கு அனுப்பியிருந்த படத்தில், தெட்சிணாமூர்த்தி இரண்டு கையிலும் ஜாங்கிரி வைத்திருந்தார். கீழே எழுதியிருந்தது: ‘பின் பெஞ்சுல இருக்கேன். அறுவடைக்கு ரெண்டு மாசம் முன்னாடியே உங்கப்பா நெல்லு வாங்க வந்துருக்காரு. இதோட மூணு ஜாங்கிரி ஆச்சு.’

“இத அம்மாகிட்ட காட்டவாப்பா?”

தெட்சிணாமூர்த்தி சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “லேகா, நல்லா யோசிச்சுப் பாத்தேன். நாட்டுக்கு இந்த மாதிரிப் பசங்கதான் வேணும்.”