மாப்பிள்ளையின் மூன்றாவது துடிப்பு

முள்வாலனுக்கு இரண்டு இதயங்கள். வலது இதயம் வாழ்வதற்கு, இடது இதயம் கொல்வதற்கு. இடது துடிக்க ஆரம்பித்தால், பத்து நொடிக்குள் கூண்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். சண்டைக்களத்தில் பதினொரு எதிரிகளைக் கிழித்துப் போட்ட அந்த மிருகத்தை, அதன் பராமரிப்பாளர் மட்டும் ‘மாப்பிள்ளை’ என்று கொஞ்சுவார்.

அவர் மாரடைப்பில் போய் ஒன்பது நாளாகிறது. அன்றிலிருந்து மாப்பிள்ளை பட்டினி. புதிதாக வந்த ஆளின் கையையும் பதம் பார்த்துவிட்டது. ஊசி போட்டு முடித்துவிடும்படி முதலாளி உத்தரவு.

இடது இதயம் ஓய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் மிருக டாக்டர் எந்த முள்வாலனுக்கும் ஊசி போட மாட்டார். சோர்ந்து கிடந்த மாப்பிள்ளையின் மார்பில், கம்பி வழியாக ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

“அக்கா, இன்னொரு துடிப்பு கேக்குது.”

“காதைச் சுத்தம் பண்ணுங்க டாக்டர்,” என்றாள் பக்கத்தில் நின்ற பராமரிப்பாளரின் மனைவி.

“நெஜமாத்தான். நாலு அடிச்சிட்டு ஒண்ணைத் தவற விடுது.”

அவள் குழாயை வாங்கிக் காதில் மாட்டினாள். நான்கு துடிப்பு, ஓர் இடைவெளி, மறுபடி நான்கு. இருபத்திரண்டு வருடம் கணவரின் மார்பில், அந்தத் துடிப்பின்மேல் தலைவைத்துத்தான் தூங்கியிருந்தாள்.

“ஊசியைப் பைக்குள்ள வைங்க.”

இறைச்சி வாளியோடு உள்ளே போனாள்.

“ஒம்பது நாளா யார் மேல கோவம்? சாப்பிடுங்க.”

மாப்பிள்ளை நகங்களை உள்ளிழுத்துக்கொண்டது. பிறகு, அவர் எப்போதும் செய்வதுபோல, சுவரோரம் நகர்ந்து அவள் படுக்க இடம்விட்டது.