புழுவுக்கு முளைத்த முடி

கணினி மூச்சிரைக்கிறது. திரையின் பச்சை வெளிச்சம் என் மாப்பிள்ளையின் வழுக்கைத் தலையில் சறுக்கி விளையாடுகிறது. மண்புழுவின் மரபணுக்களைப் படித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். இன்று அவருடைய நிரல், புழுவிடம் முடி வளர்க்கும் மரபணு இருப்பதாகக் கணித்திருக்கிறது. கட்டுரையை அனுப்பினால் பேராசிரியர் பதவி. விரல் பொத்தானுக்கு மேல் வந்து நிற்கிறது. "உலகத்துலயே முதல் தடவை, மாமா!" புழுவுக்கு எந்த அளவில் சீப்பு வாங்குவது என்று நானும் யோசிக்கிறேன். அவரோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மகள் எட்டிப் பார்க்கிறாள். "மரபணு எடுக்கப் புழுவை அரைக்கறப்ப அது மேலயே தும்மினீங்களே! உங்க மரபணுவோட ஒப்பிட்டுப் பாருங்க." மறுகையால் தட்டுகிறார். எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. "புழுவோடது இல்ல, உங்களோடதுதான்." விரல் பொத்தானை விட்டு விலகி, உச்சந்தலையை மெல்லத் தடவுகிறது. "அப்போ எனக்கு முடி வளர்ற மரபணு இருக்குங்கறே?" என்கிறார், முகமெல்லாம் பல்லாக.